வடக்கே மூக்கு வைக்காத வண்டி

இத்தாலியில் படுக்கையும் அடுப்பும் உள்ள காம்பர் வண்டியில் திரிகிற வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: இரவு நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் சேமக்காலை வாசலுக்குப் போ. அவர்கள் சொல்வது சரி. எந்தச் சின்ன ஊரானாலும் சேமக்காலை ஊருக்கு வெளியே இருக்கும். வாசலில் சைப்பிரஸ் மரங்களும் பெரிய சமதரையும் இருக்கும். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய் இருக்கும். செத்தவர்கள் சத்தம் போட மாட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் இருட்டினால் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். நாள் முழுக்க வண்டி ஓட்டிக் களைத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

என் மனைவிக்கு இதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

சக்கரத்தில் வீடு இருந்தால் எங்கேயும் படுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வீடு இல்லாதவன்கூட எங்கேயாவது சுருண்டு படுப்பான். காம்பர்க்காரனுக்கு அது இல்லை. கடற்கரைக்குப் போனால் வாகனம் நிறுத்துமிடத்தின் வாசலில் உயரக் கம்பி ஒன்று குறுக்கே நிற்கும். கார் அதற்குக் கீழே போகலாம், எங்கள் கூரைக்கு முடியாது. பைன் மரத்தடியில் விட்டால் காலையில் கூரை முழுக்கப் பிசினும் பறவை எச்சமும். பார் பக்கத்தில் விட்டால் மோட்டார் சைக்கிள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் விட்டால் கள்ளர் பயம். வண்டிக்குள் படுத்திருந்தால் அது நிறுத்தியிருக்கும் வண்டி, சட்டம் ஒன்றும் செய்யாது. வெளியே ஒரு கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடித்தால் அது கூடாரம் அடித்ததற்குச் சமம், பொலிஸ் வரும். கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. முன்பு அங்கே தங்கியவர்கள் நட்சத்திரம் போட்டு எழுதியிருப்பார்கள்: அமைதி, சூரிய உதயம், நாய்க்கு நல்லது. பாதிக்கு மேல் ஜெர்மன்காரர் எழுதியது. நம்பிப் போனால் அங்கே ஏற்கனவே ஜெர்மன்காரர் வரிசையாக நிற்பார்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் உள்ள கரைச்சல். எங்கள் வண்டிக்கு மட்டும் மேலதிகமாக ஒரு சட்டம் இருந்தது. அது வடக்கே மூக்கு வைக்கக் கூடாது.

வண்டியின் பின்பாதியில் ஒரு கட்டில், நீளவாக்கில், தரையோடு சேர்த்து அடித்தது. பின்சுவரில் ஒரு அலுமாரி தாழத் தொங்குகிறது. அதற்குக் கீழே கால் நீட்டலாம், தலை வைக்க முடியாது. ஒரு நாள் என் மனைவி தலையணையை அந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாள். எழும்பும்போது நெற்றி வீங்கிப் போயிற்று. ஆகவே தலை எப்போதும் வண்டியின் முன்பக்கம் பார்த்துத்தான். வண்டியின் மூக்கு எந்தத் திசையோ, எங்கள் தலையும் அந்தத் திசை. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிவது வேறு, அதற்காக ஒரு மூன்று தொன் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்துவது வேறு.

"பிள்ளையாருக்கு அந்தத் தலை எங்கையிருந்து வந்தது?" என்று கேட்பாள். "வடக்கை தலை வைச்சுப் படுத்த யானையின்ரை தலை. அந்த யானைக்கு அண்டைக்கு என்ன நடந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

"அந்த யானை காம்பருக்குள்ளையோ படுத்தது?"

"பகிடி விடாமல் கொம்பாஸைப் பாருங்கோ."

கைபேசியில் திசைகாட்டியைப் பார்ப்பேன். ஊசி பெரும்பாலும் எனக்கு எதிராகவே நிற்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்து எங்கள் ஆட்கள் செய்கிற வீட்டு வேலையைச் சில காலம் செய்தேன். ஒரே வீட்டில், ஒரே கிழவரின் ஒரே கட்டிலைத் தினமும் விரிக்க என்னால் முடியவில்லை. பிறகு பருவ வேலைக்குப் போனேன்: தக்காளி, திராட்சை, ஒலிவ், கோடையில் கடற்கரை உணவகங்களில் கோப்பை கழுவுதல். வாடகை அறைகளில் பத்துப் பேரோடு படுத்து மூட்டைப்பூச்சிக் கடி வாங்கிய பிறகு, குழாய் வேலைக்காரர் ஒருவரிடம் இந்தப் பழைய வண்டியை வாங்கினேன். என் மனைவி அதற்கு நேர் எதிர். பலேர்மோவின் கபோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வயதான இத்தாலிய அம்மா, சிஞோரா, வீட்டில் பல வருடம் இருந்து வேலை செய்தவள். எங்களுக்குப் பிந்தித்தான் கலியாணம் நடந்தது. நடந்ததும் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

அவளுக்கு வேலை பிரச்சினை இல்லை. தக்காளிக் கூடாரத்துக்குள் என்னைவிட வேகமாகப் பிடுங்குவாள். நித்திரைதான் பிரச்சினை. வண்டி ஏறிய நாளிலிருந்து ஒரு இரவும் அவள் ஒழுங்காகத் தூங்கியதில்லை. திசை சரியென்றால் சரிவு பிழை. சரிவு சரியென்றால் காற்றில் வண்டி ஆடுகிறது. ஒன்றும் ஆடாவிட்டால், ஒன்றும் ஆடவில்லை என்பதே அவளை எழுப்பிவிடும். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய், பகலில் தக்காளிப் பெட்டியில் சாய்ந்தபடி தூங்கி விழுவாள். அந்த நேரம் பார்த்துச் சிஞோராவின் குரல் செய்தி வரும்: "மகளே, உன் கட்டில் விரித்தபடியே கிடக்கிறது." அதை அவள் எனக்குக் கேட்கும்படிதான் போடுவாள்.

அந்த வருடம் தெற்குக் கரையில் தக்காளி வேலை முடிந்து, பலேர்மோவில் கப்பல் ஏறி வடக்கே அப்பிள் பிடுங்கப் போவதாக ஏற்பாடு. வழியில், சிசிலியின் நடுவில் ஒரு மலையூருக்குப் பக்கத்தில் பொழுது பட்டுவிட்டது. நல்ல சமதரை கிடைத்தது. மூக்கு கிழக்கே. குழாயும் இருந்தது. அது என்ன இடம் என்று நான் சொல்லவில்லை. அவளும் களைப்பில் கேட்கவில்லை. விடிந்ததும் யன்னல் திரையை நீக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, உது என்ன மரம்?"

"சைப்பிரஸ்."

"சைப்பிரஸ் ஆரின்ரை வாசலிலை நிக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"அதுதான் ராத்திரி முழுக்க என்னை ஆரோ பாத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது."

"ஒருத்தரும் பாக்கேல்லை. அவை பாக்கிற நிலைமையிலை இல்லை."

குழாய்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை அவள் குடிக்கவில்லை. குளிக்காமல் எதையும் தொட மாட்டேன் என்றாள். வண்டித் தொட்டியில் இருந்த தண்ணீரும் அதே குழாயில் பிடித்தது. அதில் குளித்தால் சாவுத் துடக்குப் போகாது, கூடும். கடைசியில் பெட்டிக்கடையில் போத்தல் தண்ணீர் வாங்கித் தலையில் ஊற்றினாள். வண்டி புறப்பட்டு வெகுதூரம் வந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. கப்பலுக்கு இன்னும் ரெண்டு இரவு கிடக்கு. அதுக்குள்ளை ஒரே ஒரு இரவு, விடிய மட்டும் நான் கண் முழிக்காமல் நித்திரை கொள்ளோணும். கொண்டால் உங்களோடை அப்பிளுக்கு வாறன். பிறகு இந்தக் கதையே எடுக்க மாட்டன். இல்லாட்டி சிஞோரா வீட்டை போறன். நீங்கள் வண்டியோடை போங்கோ."

"கோபத்திலை கதைக்கிறீர்."

"கோபம் இல்லை. நித்திரை இல்லை."

அவள் சொன்னால் செய்பவள். நான் அதற்குப் பிறகு பாதையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், ஆனால் மனம் முழுக்க ஒரு சமதரையையே தேடிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வகத் துண்டு நிலம். அது அகப்பட்டால் எனக்கு மனைவி இருப்பாள்.

பின்னேரம் பகேரியா வந்தோம். ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிறுத்துமிடம். பலேர்மோவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காரை விட்டுவிட்டு ரெயில் பிடிக்கிற இடம். தரை சமம். மூக்கைக் கிழக்கே வைக்கலாம். ஓரத்தில் ஒரு பேக்கரி திறந்திருந்தது. அவள் இறங்கி நின்று சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சை நல்லாத்தானே இருக்கு."

"இஞ்சையோ? விடியமுன்னம் தொடங்கி ரெயில் போகும். கார்க் கதவு டமார் டமார் எண்டு அடிப்பாங்கள். உமக்குத்தானே நித்திரை வேணும்?"

"ஓம், எனக்குத்தான்."

"அப்ப நான் சொல்லுறதைக் கேளும். பலேர்மோவுக்கு அங்காலை, ஸ்ஃபெர்ராகவால்லோவிலை எனக்கு ஆள் இருக்கு. கடல் மட்டும்தான் சத்தம்."

அவள் பேக்கரியைப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

பலேர்மோவின் சுற்றுப் பாதையை வேலை விடுகிற நேரத்தில் கடப்பது ஒரு தண்டனை. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் கண்ணாடியை உரசுகிறது, மறுபக்கம் லொறி தள்ளுகிறது, பின்னால் ஹோர்ன் சத்தம். பின்னுக்குக் கோப்பைகள் கிணுகிணு என்கின்றன. ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீன் உணவகம் ஒன்றின் சமையலறையில் மன்னார்க் கத்தோலிக்கப் பொடியன் ஒருவன் வேலை செய்கிறான். பொடியன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முன்பு ஒரே அறையில் இருந்தோம். முதலாளியிடம் சொல்லி உணவக வளவுக்குள் நிறுத்த அனுமதி வாங்கித் தந்திருந்தான்.

வளவு அருமை. மதில், வாசல் கதவு, வெளிச்சம், தண்ணீர். செயலியில் ஐந்து நட்சத்திரம் போடலாம். முதலாளி தானே வந்து மூலையைக் காட்டினார். நான் திசைகாட்டியை எடுத்தேன். அந்த மூலையில் மூக்கு நேரே வடக்கு.

பின்பக்கமாக ஏற்றி விடுகிறேன் என்று கேட்டேன். முதலாளி தலையாட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய மேசைகள். ஆட்கள் கடலைப் பார்த்து இறால் சாப்பிடுவார்கள். எங்கள் வண்டியின் கழிவறைப் பெட்டி பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கம் என் வாடிக்கைக்காரரின் மூக்குக்கு வேண்டாம் என்றார். நியாயம்தான். குறுக்கே விடலாமா என்று கேட்டேன். குறுக்கே விட்டால் நான்கு காருக்கு இடம் போய்விடும். அதுவும் நியாயம். எல்லோரும் நியாயமாகவே பேசுகிறபோதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் வரும். யாரையும் ஏச முடியாது.

மன்னார்க்காரன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ன அண்ணை, எஞ்சினை நிப்பாட்டாமல் நிக்கிறியள்?"

"அக்காவைக் கேள்."

"வடக்குத் தம்பி," என்றாள் இவள்.

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தான். "அக்கா, எங்கடை சேமக்காலையிலை எல்லாரும் ஒரே பக்கம்தான் தலை வைச்சுப் படுத்திருக்கினம். இண்டு மட்டும் ஒருத்தரும் எழும்பி முறைப்பாடு சொல்லேல்லை."

சேமக்காலை என்ற சொல்லைக் கேட்டதும் இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு அந்த ஐந்து நட்சத்திரமும் போயிற்று.

"ஒரு இரவுதானே," என்றேன்.

"நித்திரை வாறதெண்டாலும், இப்பிடிப் படுத்தால் வராது. கண்ணை மூடினால் யானைதான் வரும்."

"அப்ப பகேரியாவிலை நிண்டிருக்கலாம் எண்டு சொல்லும்."

"நான் அங்கையே சொன்னனான்."

மன்னார்க்காரன் ஒரு பொதியில் பொரித்த மீன் கட்டிக் கொடுத்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி நகரத்துக்குள் வந்தோம். பொழுது பட்டுக்கொண்டிருந்தது. ஒரு திருப்பத்தில் இடம் இருந்தது, சரிவு. ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது, மூக்கு வடக்கு. ஒரு பூங்கா ஓரத்தில் மூக்கு மேற்கு, தரை சமம். இறங்கிப் பார்த்தால் குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் ஏசினேன். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ஏசுகிறவளோடு வண்டி ஓட்டலாம், பேசாமல் இருக்கிறவளோடு ஓட்டுவது கஷ்டம்.

அப்படியே திரும்பித் திரும்பி ஒரு அகலமான தெருவுக்குள் வந்தோம். இரண்டு பக்கமும் ஆறு ஏழு மாடிக் குடியிருப்புகள், பல்கனிகளில் உடுப்புக் காய்ந்தபடி. தெரு நேர்க்கோடு மாதிரி. தரை தட்டை. திசைகாட்டியைப் பார்த்தேன்: நேர் கிழக்கு. இரு ஓரமும் காலியாகக் கிடந்தது. ஒரு காரும் இல்லை.

பலேர்மோவில் இத்தனை வருடம் இருந்தவன் நான். இந்த நகரத்தில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. நடைபாதையில் விடுவார்கள், திருப்பத்தில் விடுவார்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு வரிசை விடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், குடிசனம் நிறைந்த ஒரு தெருவில், ஒரு முழு ஓரமே வெறுமையாக இருந்தால் நாயும் யோசிக்கும். நான் யோசிக்கவில்லை. என் கண் ஊசியில் இருந்தது. கிழக்கு என்றதும் எஞ்சினை நிறுத்திவிட்டேன். அறிவிப்புப் பலகை ஒன்று இருந்ததும் உண்மை. அதன்மேல் யாரோ தேர்தல் படமும் பூட்டுத் திறக்கிறவரின் விளம்பரமும் ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரணத்துக்காக இப்படி ஒரு இடத்தில் வண்டியை விட்டிருக்க மாட்டார்கள்.

மீனைச் சாப்பிட்டுப் படுத்தோம். மேல்மாடியில் தொலைக்காட்சி, கீழே பிள்ளைகள் பந்து அடிக்கிறார்கள், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதுவும் போயிற்று என்று நினைத்தேன். நான் புரண்டுகொண்டே இருந்து எப்போதோ அயர்ந்துவிட்டேன்.

இரும்புக் குழாய் தரையில் விழுகிற சத்தத்தில் எழும்பினேன். வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. ஒரு குழாய் இல்லை, நூறு குழாய். திரையை நீக்கினேன். முன்னால் ஒரு வெங்காயக் கடை. பின்னால் ஒரு சப்பாத்துக் கடை. எதிரே தெரு முழுக்கக் கூடாரத் துணி. கிழமைக்கு ஒருமுறை கூடுகிற சந்தை, அந்தத் தெருவில், அன்றைக்கு. காலி ஓரத்தின் அர்த்தம் அதுதான்: அந்தத் தெருக்காரர் எல்லோரும் முதல் நாளே காரை எடுத்துவிடுவார்கள்.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் எழும்பினால் பையைத் தூக்குவாள். காற்சட்டையை மாட்டிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு இறங்கினேன்.

வாசலில் ஒரு பருத்த பெண், இடுப்பில் கை, பின்னால் ஒரு தள்ளுவண்டி நிறைய இரவு உடுப்புகள்.

"இது ஆரின்ரை இடம் தெரியுமோ?" அவள் பேசியது சிசிலியம், எனக்குக் காதில் விழுந்தது இப்படித்தான். "என்ரை தாய் நிண்ட இடம். நான் நிண்ட இடம். உன்ரை தகரப் பெட்டி நிக்கிற இடம் இல்லை."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சிஞோரா. எடுக்கிறன்."

"எங்காலை எடுப்பாய்? பறந்தோ?"

முன்னே வெங்காயம், பின்னே சப்பாத்து. உண்மைதான்.

"மெல்லக் கதையுங்கோ," என்றேன். "உள்ளுக்கை மனுசி படுத்திருக்கிறா. அவவுக்குக் கன நாளா நித்திரை இல்லை."

நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். சந்தை நடுவில் நின்று மெல்லப் பேசச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெண் யன்னலில் முகத்தை ஒட்டி, திரை இடுக்கால் உள்ளே பார்த்தாள். பார்த்துவிட்டு வெங்காயக்காரனிடம், "செத்தவள் மாதிரிப் படுத்திருக்கிறாள்," என்று உரத்துச் சொன்னாள். அவனும் வந்து பார்த்தான். சப்பாத்துக்காரனும் பார்த்தான். பிறகு அந்தப் பெண் வண்டியின் பக்கவாட்டை மேலும் கீழும் அளந்தாள். வெயில் மறைப்புத் துணிக்காக மேலே ஒரு நீளத் தண்டு இருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் கொழுக்கிகளை எடுத்து, இரவு உடுப்புகளை வரிசையாக அதில் தொங்கவிடத் தொடங்கினாள். ரோசா, நீலம், பூப்போட்டது. கொஞ்ச நேரத்தில் என் வண்டி ஒரு கடை.

"வெங்காயம்! சிவப்பு வெங்காயம்!" என்று முன்னால் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். மனைவி எழும்பவில்லை. சப்பாத்துக்காரன் பெட்டிகளைத் தகரத்தில் அடித்து அடுக்கினான். எழும்பவில்லை. மீன்காரன் ஒருவன் ஒலிபெருக்கியோடு போனான். நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் கதவைப் பார்த்தேன். மாநகரப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்து வாயைத் திறந்தார். இரவு உடுப்புக்காரி அவரை முந்திக்கொண்டாள்.

"நித்திரை கொள்ளுற பொம்பிளையை எழுப்பப் போறியோ? எழுப்பு. எழுப்பிப் போட்டு என்னோடை கதை."

அவர் பெருமூச்சு விட்டு, சந்தை முடிந்ததும் வண்டி நிற்கக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு இரவு உடுப்புகளை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. பிறகு அவளுடைய தலை. முகத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது, நல்ல நித்திரையின் வீக்கம்.

"என்னப்பா இது?"

"சந்தை."

இரவு உடுப்புக்காரி கையைத் தட்டினாள். "வந்திட்டாள்! பாதிச் சந்தை வந்து உன்னைப் பாத்திட்டுப் போட்டுது." இவளும் அதே சிசிலியத்தில் ஏதோ திருப்பிச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். வெங்காயக்காரன் கோப்பி கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

"விடிய மட்டும் எண்டு சொன்னீர்," என்றேன் நான், முடிந்தவரை சாதாரணமாக. "விடிஞ்சு எவ்வளவு நேரம் எண்டு பாரும்."

"ஓம். நல்ல நித்திரை."

"கிழக்கை பாத்து நிறுத்தினது நான்தான்."

"கிழக்கும்தான்." கோப்பியை ஊதினாள். "ஆனால் நேத்துப் படுக்கேக்கை மேலை ஆரோ சண்டை பிடிச்சுக்கொண்டிருந்தவை. கேட்டுக்கொண்டே படுத்தன். சிஞோரா வீட்டு அறையிலையும் இப்பிடித்தான், கீழை கபோச் சந்தைச் சத்தம். நீங்கள் தேடுறதெல்லாம் ஒரு சனமும் இல்லாத இடம். அங்கை நான் எப்பிடிப்பா கண்ணை மூடுறது? ஆராவது முழிச்சிருந்தால்தானே நான் படுக்கலாம்."

நான் அவளுக்காக எத்தனை அமைதியான இடங்கள் தேடியிருப்பேன். மலை, காடு, ஆற்றங்கரை. எத்தனை லீட்டர் டீசல். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப வடக்கு?"

"அது வேறை. அதையும் பாக்கத்தான் வேணும்."

முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, பையை எடுத்தாள். "சிஞோரா வீட்டை போட்டு வாறன்," என்றாள். போறன் என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்வதில்லை. திரும்பாமலே போகிறவர்களும் வாறன் என்றுதான் சொல்வார்கள். பை பெரிய பை. அவள் சொன்ன நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் தன் நித்திரை எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது கபோவில் ஒரு விரித்த கட்டிலில் இருந்தது.

சந்தை கலையத் தொடங்கியது. குழாய்கள் மறுபடி விழுந்தன. வெங்காயக்காரன் போனான். அவள் வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டேன், அவளுடைய கைபேசி வண்டிக்குள் சார்ஜர் வயரில் கிடந்து அடித்தது. தெருக் கூட்டுகிற இயந்திரம் வந்து எனக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. எடுக்கத்தான் வேண்டும். எடுத்தால் அவள் வந்து எங்கே தேடுவாள்? எடுத்தேன். அந்தக் கட்டடங்களைச் சுற்றினேன். ஒரு வழித் தெரு, இரட்டை வரிசைக் கார்கள், நிறுத்த ஒரு முழம் இல்லை. சுற்றி வந்தால் இயந்திரம் இன்னும் அங்கேயே. மறுபடி சுற்றினேன். மாலை முழுக்க நிறுத்த இடம் தேடியவன், பகலில் ஒரு நிமிடம் நிறுத்த இடம் இல்லாமல் சுற்றினேன். கைபேசி தன்பாட்டில் மணி அடித்தது. அவளுடைய கைபேசி, திரையில் சிஞோராவின் பெயர். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்க வேண்டிவருமோ என்று இருந்தது.

எத்தனையாவது சுற்றோ தெரியாது. இரவு உடுப்புக்காரி தன் வாகனத்தில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இவள் உட்கார்ந்திருந்தாள். பை மடியில். போகும்போது தொய்ந்து கிடந்த பை, இப்போது புடைத்திருந்தது.

"எங்கையப்பா போனியள்? நான் வந்து எவ்வளவு நேரம்!"

"என்ன பைக்குள்ளை?"

"இடியப்ப உரல். சிஞோரா வீட்டிலை விட்ட சாமான் எல்லாம் எடுத்திட்டன். மச்சாள் ஒருத்தியை அங்கை வேலைக்குச் சேத்துவிட்டிட்டு வாறன். அதுதான் சுணங்கிப்போச்சு." பையைப் பின்னே வைத்துவிட்டு முன் இருக்கையில் ஏறினாள். "சொன்னனான்தானே, நித்திரை வந்தால் வாறன் எண்டு."

எனக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்ததால் முடியவில்லை.

"இண்டைக்கு எங்கை?" என்றாள்.

அன்றிரவு பகேரியாவில் நிறுத்தினோம், முதல் நாள் நான் வேண்டாம் என்ற அதே இடத்தில். மூக்கு கிழக்கே. பேக்கரியில் மாப் பிசைகிற இயந்திரம் ஓடியது. விடியமுன்னமே முதல் ரெயில் வந்தது, கார்க் கதவுகள் டமார் டமார் என்று அடித்தன, யாரோ ஒருவன் கைபேசியில் தன் தாயோடு சத்தமாகச் சண்டை பிடித்தபடி எங்கள் யன்னலுக்குக் கீழே நடந்தான். அவள் வாயைத் திறந்தபடி தூங்கினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இப்போது இடம் தேடுவது முன்பைவிடக் கஷ்டம். தரை சமமாக இருக்க வேண்டும். மூக்கு வடக்கே போகக் கூடாது. சைப்பிரஸ் கண்ணில் படக் கூடாது. இதற்கு மேல், பக்கத்தில் ஆட்கள் முழித்திருந்து சத்தம் போட வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு அந்தச் செயலியில் யாரும் நட்சத்திரம் போடுவதில்லை. லொறிப் பேட்டை, மீன் ஏலம் விடுகிற துறை, பஸ் கழுவுகிற இடம் என்று நானே தேடிப் பிடிக்கிறேன். பலேர்மோவுக்கு வந்தால் முதல் நாள் மாலையே அந்தத் தெருவுக்குப் போய்விடுவோம். இரவு உடுப்புக்காரி தன் இடத்தை எங்களுக்கு விட்டுத் தருகிறாள், தண்டுக்காக. என் மனைவி படுத்ததும் தூங்கிவிடுவாள். நான் இரும்புக் குழாய்களுக்காகக் காத்திருப்பேன்.